கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை பக்கத்தில், கிணறெல்லாம் உப்பு! மீஞ்சூர் வட்டாரத்தின் தண்ணீர் கதை

சென்னை.

ஆறு ஓடும் ஊரில் குடிக்கிற தண்ணியை விலைக்கு வாங்குகிறார்கள் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும்!

மீஞ்சூர் பக்கம் போய்ப் பாருங்கள். கூப்பிடு தூரத்தில் கொசஸ்தலை ஆறு. ஆனால் வீட்டு வாசலில் நிற்பதோ 20 லிட்டர் கேன். கிணற்றில் இறைத்தால் உப்பு. போர் போட்டாலும் உப்பு. குளிக்க, பாத்திரம் கழுவ உப்புத் தண்ணி. உலை வைக்க கேன் தண்ணி. பல வீடுகளில் இதுதான் கணக்கு.

ஒரு காலத்தில் சென்னைக்கே தண்ணீர் கொடுத்த ஊர் இது!

ஆறு எங்கே போகிறது?

காவேரிப்பாக்கம் ஏரியின் உபரி நீரில் கிளம்புகிற ஆறு கொசஸ்தலை. வழியில் ஆந்திராவில் இருந்து நகரி ஆறும் வந்து சேர்கிறது. பூண்டிக்கு வந்ததும் ஆற்றை மடக்கி விடுகிறார்கள். 1944-ல் கட்டிய ஏரி. சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் பெயர் வைத்தது. கொள்ளளவு 3 ஆயிரத்து 231 மில்லியன் கன அடி.

அங்கிருந்து சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று தண்ணீர் சென்னைக்குப் பயணம் போகிறது. தப்பி ஆற்றோடு வருவதையும் தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் சோழவரம் பக்கம் திருப்பி விடலாம். கீழே வல்லூர் அணைக்கட்டுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் மழைக்கால வெள்ளம்தான். அதுவும் எண்ணூரில் கடலுக்குப் போய்விடும்.

கிருஷ்ணா தண்ணீரும் 1996 முதல் ஊத்துக்கோட்டை ஜீரோ பாயிண்ட் வழியாகப் பூண்டிக்கு வருகிறது. ஆண்டுக்கு 12 டி.எம்.சி. என்பது 1983-ல் போட்ட ஒப்பந்தம். பல வருஷம் அதில் பாதிகூட வரவில்லை.

உறிஞ்சினார்கள்... கடல் வந்தது!

ஆற்றின் பழைய மணல் படுகையில் நல்ல தண்ணீர் ஏராளமாக இருப்பது 1960-களில் ஐ.நா. உதவியுடன் நடந்த ஆய்வில் தெரிந்தது. விடுவார்களா? மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று வரிசையாகக் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். சென்னைக்கும் மணலி தொழிற்சாலைகளுக்கும் தண்ணீர் போனது. வயல்களில் பம்புசெட்டுகளும் ராத்திரி பகலாக ஓடின.

மண்ணுக்கு அடியில் நல்ல தண்ணீர் நிறைந்து நின்றால்தான் கடல் தண்ணீர் வெளியே நிற்கும். ஒரு காவல்காரன் மாதிரி. இறைக்க இறைக்க காவல் தளர்ந்தது. பின்வாசல் வழியாகத் திருடன் நுழைவது போலக் கடல் சத்தமில்லாமல் உள்ளே நுழைந்தது. 1969-ல் கரையில் இருந்து சுமார் 3 கிலோமீட்டர். 1987-ல் சுமார் 9 கிலோமீட்டர்!

அந்த 1987-ம் ஆண்டில்தான் நிலத்தடி நீரை இஷ்டத்துக்கு எடுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. சட்டம் வருவதற்குள் உப்பு வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்து விட்டது. உப்பேறிய மணலை மழைத் தண்ணீர்தான் கழுவ வேண்டும். ஒரு மழை, இரண்டு மழையில் ஆகிற காரியமா அது?

கிணறு உள்ளவனுக்குக் காசு

ஆற்றின் மேல்பக்கத்து கிராமங்களில் கதை வேறு. 2000-க்குப் பிறகு வந்த வறட்சிகளில் விவசாயிகளின் கிணறுகளை வாடகைக்குப் பிடித்துச் சென்னைக்குத் தண்ணீர் எடுத்தார்கள். நெல் போடுவதைவிடத் தண்ணி விற்பது லாபம். கிணறு உள்ளவருக்குக் காசு கிடைத்தது. கிணறு இல்லாத கூலிக்காரருக்கு? நாற்று நடவும் இல்லை, அறுப்பும் இல்லை. ஊர் கைப்பம்பிலும் தண்ணி கீழே போனது. அவருக்கு யாரும் வாடகை கொடுக்கவில்லை.

ரெயிலில் வந்த காவிரி

இத்தனை செய்தும் 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது.

மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-ல் இருந்தே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது. நாள் ஒன்றுக்கு 10 கோடி லிட்டர் தயாரிக்கக் கட்டியது. தயாராகும் தண்ணீர் குழாய் ஏறி மணலி, மாதவரம் என்று வடசென்னைக்குப் போகிறது. கேன் வண்டி அந்தச் சாலையிலேயே எதிரே வருகிறது.

ஆறு தண்ணியே தருவதில்லை என்றும் சொல்ல முடியாது. 2021 நவம்பரில் பூண்டி நிரம்பி ஷட்டர்களைத் திறந்தபோது மணலி புதுநகரில் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது. ஜனங்கள் இடுப்பளவு தண்ணீரில் நடந்தார்கள். அதில் ஒரு குடம்கூட குடிக்க ஆகாது.