கஷாயத்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

2015 ஏப்ரலில் ஒரு செய்தி தென்கொரியப் பெண்களை உலுக்கியது. மாதவிடாய் நிற்கும் பருவத்துத் தொல்லைகளுக்கு நல்லது என்று அமோகமாக விற்ற 'பேக்சுவோ' கிழங்குத் தயாரிப்புகள் 32-ஐ கொரிய நுகர்வோர் முகமை சோதித்தது. உண்மையான பேக்சுவோ என்று உறுதியானவை 3 மட்டுமே. 21-ல், பார்வைக்கு அதேபோல் இருக்கும் மலிவான வேறொரு கிழங்கு கலந்திருந்தது. அதை உணவில் சேர்க்க அந்நாட்டில் அனுமதியே இல்லை.

உடம்பு திடீரெனச் சூடாகி வியர்த்துக் கொட்டுவதும் தூக்கம் கெடுவதும் உண்மையான அவதி. நிவாரணம் தேடுவதில் தவறில்லை. ஆனால் கடையில் வாங்கும் கிழங்கானாலும், பாரம்பரிய மருத்துவர் தரும் அக்குபங்சர் ஊசியானாலும், மூலிகைக் கஷாயமானாலும், யாரிடம், எதை வாங்குகிறோம் என்பது தெரிய வேண்டும்.

பலன் எவ்வளவு?

சிகிச்சையே எடுக்காதவர்களைவிட அக்குபங்சர் செய்துகொண்டவர்களுக்கு உடற்சூடு குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. சிகிச்சைபோலத் தோற்றம் தரும் போலி ஊசியோடு ஒப்பிட்டபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், உடற்சூட்டுக்கு அக்குபங்சரையோ மூலிகைத் தயாரிப்புகளையோ பரிந்துரைக்கவில்லை.

ஆபத்து எங்கே?

இந்தப் பருவத்துக்குத் தரப்படும் 'கமிசோயோசான்' என்ற கூட்டு மருந்தில் நமக்குத் தெரிந்த அதிமதுரமும் உண்டு. அளவு மீறினால் அது ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் மார்பகப் புற்றுநோய் வந்தவர்களும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த மூலிகையையும் தொடக்கூடாது. மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பிறகு ரத்தம் பட்டால் கஷாயம் தேடாதீர்கள். உடனே மகளிர் நல மருத்துவரிடம் போங்கள். அது கருப்பைப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

உங்கள் உரிமை

தென்கொரியாவில் பாரம்பரிய மருத்துவர் அதற்கான படிப்பை (பெரும்பாலும் 6 ஆண்டு) முடித்து, அரசுத் தேர்வில் தேறி, உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். உரிமம் இல்லாதவர் ஊசி குத்துவது குற்றம். 1987 முதல் அக்குபங்சருக்குத் தேசிய மருத்துவக் காப்பீடு உண்டு. 6 மாதத்துக்கு மேல் தங்கும் வெளிநாட்டவரும் இக்காப்பீட்டில் சேர வேண்டும் என்பதால், அங்கே வாழும் தமிழ்ப் பெண்களுக்கும் இது பொருந்தும். காய்ச்சித் தரும் கஷாயத்துக்குப் பெரும்பாலும் கைக்காசுதான். விலையை முதலிலேயே கேளுங்கள். சிகிச்சைப் பதிவின் நகலைக் கேட்டு வாங்கவும் சட்டம் இடம் தருகிறது.

பாதிப்பு நேர்ந்தால்

மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பாக்கெட், ரசீது, மிச்ச மருந்து மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். கடைப் பொருள் என்றால் தென்கொரியாவின் 1372 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். சிகிச்சையில் தவறு என்றால் அங்கே 2012 முதல் இயங்கும் மருத்துவத் தகராறு சமரச முகமையை நாடலாம்.

சீல் உடைக்காத பாக்கெட்டாக இருந்தாலும், பெயர்பெற்ற வைத்தியராக இருந்தாலும், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதி வாங்கிய பிறகே வாயில் வையுங்கள்.