உரியவர் வராத கணக்குகள்

தாராவியிலும் மாட்டுங்காவிலும் பழைய டிரங்குப் பெட்டிகளைக் கிளறினால், அடியில் ஒரு பாஸ் புத்தகம் கிடைப்பது அபூர்வமல்ல. வேலைக்கு வந்த புதிதில் தொடங்கிய கணக்காக இருக்கும். கம்பெனி மாறியபோதோ, ஜாகை மாறியபோதோ, ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோதோ அது அப்படியே விடப்பட்டிருக்கும். கணக்குக்காரர் காலமாகிவிட்டால், அப்படி ஒன்று இருந்ததே ஊரில் உள்ள மனைவி மக்களுக்குத் தெரியாது.

அந்தப் பணம் என்ன ஆகிறது?

கணக்குக்காரர் 2 ஆண்டுகளுக்கு மேல் பணம் போடாமலும் எடுக்காமலும் இருந்தால், வங்கி அதைச் செயல்படாத கணக்கு என்று ஒதுக்கி வைக்கிறது. 10 ஆண்டுகள் யாரும் கேட்காத தொகை, 2014-ல் ஏற்படுத்தப்பட்ட ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடுகிறது. 2023 பிப்ரவரி வரை பொதுத்துறை வங்கிகள் மட்டும் இப்படி ஒப்படைத்தது சுமார் 35 ஆயிரம் கோடி ரூபாய். கணக்குகள் 10 கோடிக்கும் மேல்!

சர்க்கார் எடுத்துக்கொண்டுவிட்டது என்று இதைக் கைகழுவ வேண்டியதில்லை. உரியவரோ வாரிசோ எப்போது கேட்டாலும் வங்கி கொடுத்தாக வேண்டும். வட்டி உள்ள கணக்கானால் வட்டியும் சேரும்.

தேடிப் பார்க்க ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் 'உத்கம்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. கணக்குக்காரரின் பெயர், வங்கியின் பெயர், அதோடு பான் எண் அல்லது பிறந்த தேதி போன்ற ஓர் அடையாளம் கொடுத்தால் போதும். கட்டணம் கிடையாது. பணம் மட்டும் அங்கே கிடைக்காது; அதற்கு வங்கிக் கிளைக்குத்தான் போக வேண்டும்.

பெயரில் இடறல்

வெளிமாநிலத் தமிழர்களுக்கு இடறுவது பெயரில்தான். ஊரில் அவர் சு. முருகேசன். மும்பையில் படிவம் நிரப்பிய குமாஸ்தா 'சர்நேம்' என்ன என்று கேட்டிருப்பார். தகப்பனார் பெயரைச் சொன்னதும் முருகேசன் சுப்பையா ஆகிவிட்டார். அடுத்த கம்பெனியில் சுப்பையா முருகேசன். இன்னோர் இடத்தில் ஊர்ப் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. ஆங்கிலத்தில் எழுதும்போது சுப்பையாவில் ஓர் எழுத்து கூடும், குறையும். ஆள் ஒருவர்தான், ஏட்டில் நாலு பேர். குமாஸ்தாவைக் குறை சொல்லிப் பயனில்லை, படிவத்தில் இருந்த கட்டத்தை அவர் நிரப்பித்தானே ஆக வேண்டும்? ஒரு முறை தேடி 'இல்லை' என்று வந்தால் விட்டுவிடாமல், பெயரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வங்கியின் பெயரும் மாறியிருக்கலாம். தேனா வங்கியும் விஜயா வங்கியும் 2019-ல் பரோடா வங்கியில் இணைந்தன. சிண்டிகேட் வங்கி 2020-ல் கனரா வங்கியோடு சேர்ந்தது. பழைய பாஸ் புத்தகத்தை அந்த வங்கிகளில் காட்டலாம்.

பிராவிடண்ட் பண்ட் பணம் 'உத்கம்' தளத்தில் வராது. ஒரே நிரந்தர எண் என்ற முறை 2014-ல்தான் வந்தது. அதற்கு முன் கம்பெனிக்கு ஒரு பி.எப். எண். மாற்றல் படிவம் கொடுக்காமல் வேலை மாறியவர்களின் பணம் பழைய எண்ணிலேயே நிற்கும். பழைய சம்பளச் சீட்டு ஒன்று இருந்தாலும் எண்ணைப் பிடித்துவிடலாம். பங்குகள் வாங்கியிருந்தால் அதன் கதை வேறு: 7 ஆண்டுகள் கேட்கப்படாத டிவிடெண்டும், அதைத் தொடர்ந்து அந்தப் பங்குகளும், முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போகின்றன. அவற்றையும் மனுப் போட்டுத் திரும்பப் பெறலாம்.

வங்கிக் கணக்கில் நாமினி பெயர் எழுதியிருந்தால் வேலை சுலபம். இறப்புச் சான்றிதழும் நாமினியின் அடையாளச் சான்றும் போதும். ஆனால் நாமினி விதிகள் வந்ததே 1985-ல்தான். அதற்கு முன் தொடங்கிய கணக்குகளில், பிறகு போய் எழுதி வைத்தாலொழிய, நாமினி இருக்காது. அப்போது வாரிசுச் சான்றிதழ் வேண்டும். அதற்கு ஊரில் தாலுகா அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருக்கும் என்பதால், லீவில் ஊர் போகும்போதே மனுவைக் கொடுத்து வருவது நல்லது.