மூளை நரம்புக்கு ஒரு நானோ பந்தல்

முதிர்ந்த மூளையில் நரம்பு அறுந்தால் அறுந்ததுதான் என்று மருத்துவம் நெடுங்காலம் நம்பியது. நரம்பணு ஆய்வுக்காக 1906-இல் நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் அறிஞர் ராமோன் இ காஹாலும் அப்படித்தான் எழுதினார். குறை நரம்பணுவிலா, அது இருக்கும் இடத்திலா என்பதற்கு 1981-இல் ஒரு சோதனை விடை தந்தது. சாமுவேல் டேவிட், ஆல்பர்ட் அகுவாயோ இருவரும் எலியின் கால் நரம்பிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்து, முகுளத்துக்கும் தண்டுவடத்துக்கும் இடையே பாலமாக வைத்தார்கள். வளரவே வளராது என்று கைவிடப்பட்ட நரம்பிழைகள் அதற்குள் ஏறக்குறைய 3 செ.மீ. வளர்ந்தன. வளரும் திறன் இருந்தது, பற்றிப் படர இடம்தான் இல்லை. நானோ பொருள்களை மருந்து சுமக்கும் நுண்வாகனமாகவே பெரும்பாலும் பேசுகிறோம். மூளைச் சீரமைப்பில் அவற்றின் பெரிய பயன், கொடிக்குப் பந்தல்போல் இந்த இடத்தை அமைத்துக் கொடுப்பதே என்பது என் துணிபு.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஷுகுவாங் ஜாங் குழு உருவாக்கிய ராடா-16 என்ற பெப்டைடு இதற்குச் சான்று. பதினாறே அமினோ அமிலங்கள். நேர்மின்னூட்டமும் எதிர்மின்னூட்டமும் மாறிமாறி வருவதால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றி, சுமார் 10 நானோமீட்டர் தடிமனுள்ள இழைகளாகின்றன. குப்பியில் தண்ணீராகத் தெரியும் கரைசல், உடல் திரவத்தின் உப்பு பட்டதும் கூழாக உறைகிறது. அந்தக் கூழிலும் 99 விழுக்காடு தண்ணீர்தான். 2006-இல் எல்லிஸ்-பென்கே குழுவினர் வெள்ளெலிகளின் பார்வை நரம்புப் பாதையை வெட்டி, வெட்டுவாயில் இந்தக் கரைசலை விட்டார்கள். பிளவு மூடியது, நரம்பிழைகள் அதன் வழியே கடந்தன. பார்வையிழந்திருந்த விலங்குகள் பக்கத்தில் காட்டிய பொருளை நோக்கித் தலையைத் திருப்பின. என்னைப் பொறுத்தவரை, இழை வளர்ந்ததைவிட இந்தத் தலைதிருப்பலே வலுவான சான்று; சரியான இடத்தில் இணைப்பு ஏற்படாமல் அது நடக்காது.

கத்தியால் வெட்டிய நேர்த்தியான காயமும் பக்கவாதம் விட்டுச்செல்லும் குழியும் ஒன்றா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குழியைச் சுற்றித் தழும்பு இறுகிவிடும், மனித மூளையில் கடக்கவேண்டிய தொலைவும் மிக அதிகம். பார்க்கின்சன் நோயிலோ டோபமைன் சுரக்கும் அணுக்களே மடிந்துவிடுகின்றன. வெறும் பந்தல் அங்கே போதாது, கொடியையும் நடவேண்டும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதைத்தான் செய்கிறார்கள்: வளர்ச்சிக் காரணி கலந்த பெப்டைடு கூழோடு, மனிதக் குருத்தணுவிலிருந்து வளர்த்த நரம்பணுக்களை எலி மூளையில் வைக்கிறார்கள். நானோ பொருள்களின் நச்சுத்தன்மை பற்றிய அச்சம் உலோக நானோதுகள்களுக்குப் பொருந்தும். ராடா-16 சிதைந்தால் உடலுக்குப் பழகிய அமினோ அமிலங்களே மிஞ்சும். குடல் உள்நோக்கிச் சிகிச்சைகளில் இரத்தக்கசிவை நிறுத்த அதே பெப்டைடு மனிதர்களிடம் ஏற்கெனவே பயன்படுகிறது. மூளைக்கு அந்தச் சான்று மட்டும் போதாது. பெரிய விலங்குகளில், ஆறிப்போன பழைய காயங்களில், மாதக்கணக்கில் சோதித்துப் பார்த்த பிறகே நோயாளியின் மூளைக்குள் ஊசி இறங்கலாம்.