பெயர் ஒன்று, ஆள் வேறு! ஆபீஸ் கம்ப்யூட்டர் செய்யும் வேடிக்கை

திங்கட்கிழமை காலை. குமாஸ்தா ஆபீசுக்கு வருகிறார். கம்ப்யூட்டரைப் போடுகிறார். பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டுகிறார். திரை திறக்கிறது.

தூக்கிவாரிப் போடுகிறது!

சனிக்கிழமை வரை திரை நிறைய இருந்த பைல்களில் ஒன்றுகூட இல்லை. பேத்தியின் படமும் இல்லை. கடையில் இருந்து இன்றுதான் வந்த கம்ப்யூட்டர் போல வெறிச்சென்று இருக்கிறது.

"ஐயோ! பத்து வருட வேலை போச்சே!" என்று தலையில் கை வைக்கிறார்.

உண்மையில் ஒன்றுமே போகவில்லை. எல்லாம் அதே பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. பல ஆபீசுகளில் நடக்கும் சங்கதி இது. ஏன் இப்படி ஆகிறது? பார்ப்போம்.

ஆளுக்கு ஓர் அறை

ஒரே கம்ப்யூட்டரில் பலர் வேலை செய்யலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒருவர் முதன்முதலாகத் தம் கணக்கில் நுழையும்போது, "விண்டோஸ்" அவருக்கென்று தனியாக ஓர் அறை ஒதுக்குகிறது. அந்த அறைக்குத்தான் "புரொபைல்" என்று பெயர்.

அவர் எழுதிய கடிதங்கள், சேர்த்த படங்கள், திரையின் அலங்காரம், குறித்து வைத்த இணையப் பக்கங்கள் எல்லாம் அந்த அறையில் இருக்கும். "சி" டிரைவில் "யூசர்ஸ்" என்ற போல்டரைத் திறந்தால், ஆளுக்கு ஒன்றாக இந்த அறைகளைக் காணலாம்.

பெயர் அல்ல, எண்!

நாம் ஆளைப் பெயரால் அறிகிறோம். கம்ப்யூட்டர் எண்ணால் அறிகிறது.

கணக்குத் தொடங்கும்போதே அதற்கு ஒரு நீண்ட எண் கிடைத்து விடுகிறது. பெரும்பாலும் அது "எஸ்-1-5-21" என்று ஆரம்பிக்கும். ஒரு கணக்கை அழித்துவிட்டு, அதே பெயரில் மறுபடியும் தொடங்கினாலும் எண் வேறாகத்தான் இருக்கும். எண் வேறு என்றால், கம்ப்யூட்டருக்கு ஆளும் வேறு!

நம் குமாஸ்தாவுக்கு நடந்தது இதுதான். ஆபீஸ் வளர்ந்தது. தனித்தனியாக இருந்த கம்ப்யூட்டர்களை ஞாயிற்றுக்கிழமை அன்று ஒரே சர்வரின் கீழ் கொண்டு வந்தார்கள். இதற்கு "டொமைன்" என்று பெயர். டொமைனில் அவருக்குப் புதுக் கணக்குக் கொடுத்தார்கள். பெயர் பழைய பெயர்தான். எண் மட்டும் புது எண். "யாரோ புது ஆள் வந்திருக்கிறார்" என்று கம்ப்யூட்டர் காலி அறையைத் திறந்து விட்டது. பழைய அறை பக்கத்திலேயே பூட்டிக் கிடக்கிறது!

அப்படியே தூக்கி வைத்தால்?

"பழைய அறையை அப்படியே காப்பி எடுத்துப் புது அறையில் போட்டால் என்ன?" என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல்.

அறைக்குள் "என்டியூசர்.டாட்" என்று கண்ணுக்குத் தெரியாத பைல் ஒன்று இருக்கிறது. அவரவர் செய்து வைத்த ஏற்பாடுகள் எல்லாம் அதில் பதிவாகி இருக்கும். அதைத் திறக்கும் உரிமை பழைய எண்ணுக்கே உண்டு. அதைப் புது ஆளின் அறையில் போட்டால் கணக்கே திறக்காமல் மக்கர் செய்யலாம்.

2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யில், ஒருவர் புரொபைலை இன்னொருவருக்குக் காப்பி செய்ய ஒரு பொத்தான் இருந்தது. 2009-ல் வந்த விண்டோஸ் 7-ல், புதியவர்களுக்கான மாதிரிப் புரொபைலுக்கு மட்டுமே அந்தப் பொத்தான் வேலை செய்தது. மற்றவற்றுக்கு மங்கி விட்டது.

பெரிய ஆபீசுகளுக்கு மைக்ரோசாப்ட் கம்பெனி தனிக் கருவி கொடுத்திருக்கிறது. "யூசர் ஸ்டேட் மைக்ரேஷன் டூல்" என்று பெயர். முதலில் பழைய கணக்கில் உள்ளவற்றைச் சேகரிக்கும். பிறகு, இன்னாருடையது இனி இன்னாருக்கு என்று புதுக் கணக்கில் இறக்கி வைக்கும்.

காப்பியில் வராத சாவி

சிலர் ரகசியக் கடிதங்களை விண்டோசிலேயே பூட்டி வைப்பார்கள். அந்தப் பூட்டின் சாவி பழைய கணக்கோடு பிணைந்தது. சாவியை முன்கூட்டியே தனியாக எடுத்து வைக்காமல், பழைய கணக்கையும் புரொபைலையும் அழித்து விட்டால் என்ன ஆகும்? பைல் இருக்கும். படிக்க முடியாது! ஆபீஸ் ஏற்கெனவே மீட்புச் சாவி ஏற்பாடு செய்திருந்தால்தான் தப்பலாம்.

இன்னொரு விஷயம். ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். அவருடைய புரொபைலை முழுசாக அடுத்தவரிடம் கொடுப்பது சரியல்ல. வீட்டுப் படம், பாங்கு விவரம், சொந்தக் கடிதம் எல்லாம் அதில் இருக்கலாம். ஆபீஸ் பைல்களை மட்டும் எடுத்துக் கொடுப்பதே முறை.

என்ன செய்ய வேண்டும்?

* புதுக் கணக்கில் ஒரு முறை நுழைந்து வெளியே வாருங்கள். அறை தயாராகி விடும். பிறகு, கம்ப்யூட்டரை நிர்வகிப்பவரைக் கொண்டு டாகுமெண்ட்ஸ், டெஸ்க்டாப், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகியவற்றில் உள்ளதை மட்டும் கொண்டு வரச் சொல்லுங்கள்.

* காப்பி எடுக்கச் சொல்லுங்கள்; இடம் மாற்றச் சொல்லாதீர்கள். இடம் மாற்றினால் பைல் பழைய பூட்டோடு வரலாம். காப்பி எடுத்தால் புது அறையின் பூட்டு பொருந்தும். அசலும் பழைய இடத்திலேயே இருக்கும்.

* "தற்காலிகப் புரொபைலில் நுழைந்திருக்கிறீர்கள்" என்ற பொருளில் அறிவிப்பு வந்தால் வேலையைத் தொடங்காதீர்கள். அந்தப் புரொபைலில் சேமித்தது, வெளியே வந்ததும் அழிந்து விடும்.

* எல்லாம் வந்து விட்டதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். மாதக் கணக்கு முடிக்கும் நாளில்தான் சில பைல்கள் நினைவுக்கு வரும். அதுவரை பழைய கணக்கை அழிக்க விடாதீர்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதி முடிந்தது. அதையொட்டிப் பழைய கம்ப்யூட்டரை மாற்றும் ஆபீசுகள் பல. உங்கள் வீட்டில் வேலைக்குப் போகிறவர் இருந்தால் இன்றே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். கணக்கை அழிக்க ஒரு நிமிடம் போதும். அதில் இருந்ததை மறுபடி எழுத எத்தனை வருடம் ஆகும்?