பரம்பரைத் தொழில் இல்ல, ஆனாலும் தறி பழகலாம்... நெசவு 'கில்டு'ல என்னதான் நடக்குது?

வாரம் முழுக்க லேப்டாப் முன்னால் இருந்தவர், சனிக்கிழமை காலையில் தறி முன்னால் உட்காருகிறார். பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ராட்டையில் ஆட்டு ரோமத்தை நூலாக்கிக்கொண்டிருக்கிறார். இரண்டு பேர் வீட்டிலும் நெசவு பரம்பரைத் தொழில் கிடையாது. அமெரிக்கா, பிரிட்டனில் பல ஊர்களில் இயங்கும் கைநெசவு, நூற்பு 'கில்டு'களுக்குப் போனால் இப்படிப்பட்டவர்களைத்தான் பார்க்கலாம்.

கில்டுன்னா என்ன?

ஒரே தொழில் செய்பவர்கள் சேர்ந்து அமைத்த சங்கம். லண்டன் நெசவாளர் சங்கத்துக்கு 1155-லேயே இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி சாசனம் கொடுத்தார். சங்கத்தில் இல்லாதவர்கள் நகரத்துக்குள் அந்தத் தொழிலில் கைவைக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். அதாவது, வெளியாட்களுக்கு 'நோ என்ட்ரி'.

இன்றைய கில்டு அப்படியே நேரெதிர். சந்தா கட்டினால் யார் வேண்டுமானாலும் உறுப்பினர். பாஸ்டன் நகரின் நெசவாளர் கில்டு 1922-ல் தொடங்கியது. பிரிட்டனில் கில்டுகளின் கூட்டமைப்பு 1955-லும், அமெரிக்காவில் 'ஹேண்ட்வீவர்ஸ் கில்டு ஆஃப் அமெரிக்கா' 1969-லும் உருவாயின.

மாசக் கூட்டத்துல என்ன பண்ணுவாங்க?

பெரும்பாலான கில்டுகளில் மாதம் ஒரு கூட்டம் இருக்கும். அனுபவசாலி ஒருவர் பேசுவார். பிறகு, உறுப்பினர்கள் தாங்கள் நெய்ததை எடுத்துக் காட்டுவார்கள். சொதப்பிய துணியையும் கொண்டு வரலாம். எங்கே தப்பு நடந்தது என்று மற்றவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

பெரிய தறி அரை அறையை அடைத்துக்கொள்ளும், விலையும் அதிகம். அதனால் பல கில்டுகள் தறியையும் ராட்டையையும் வாடகைக்குத் தருகின்றன. நெசவுப் புத்தகங்களுக்குத் தனி நூலகமும் வைத்திருப்பார்கள்.

இன்னொரு சுவாரஸ்யம், மாதிரித் துணிப் பரிமாற்றம். பத்து பேர் கொண்ட குழு என்றால், ஒவ்வொருவரும் ஒரு வடிவத்தை எடுத்துக்கொண்டு, பத்து துண்டுகள் நெய்து, செய்முறையையும் எழுதி எல்லோருக்கும் கொடுப்பார்கள். கடைசியில் ஒவ்வொருவர் கையிலும் பத்து வடிவங்கள்!

ஒண்ணுமே தெரியாதவங்க எங்க ஆரம்பிப்பாங்க?

நூற்பு என்றால், நம்ம தக்ளி மாதிரியான கைக்கதிரில். ரோமத்தைச் சீவி, விரலால் மெல்ல இழுத்து, முறுக்கேற்ற வேண்டும். முதல் நாள் நூல் ஒரு இடத்தில் தடியாக, ஒரு இடத்தில் மெல்லிசாகத்தான் வரும். முறுக்கு குறைந்தால் அறுந்துவிடும், அதிகமானால் சுருண்டுகொள்ளும். அந்த அளவு கைக்குப் பிடிபடுவதுதான் முதல் பாடம்.

நெசவு என்றால், மேசைமேல் வைக்கும் சின்னத் தறி. ஊடை ஓட்டுவது சீக்கிரம் வந்துவிடும். பொறுமையைச் சோதிப்பது பாவுதான். எத்தனை இழை, எவ்வளவு நீளம் என்று கணக்குப் போட்டு, ஒவ்வொரு இழையாகக் கோத்து, எல்லா இழையும் ஒரே இழுப்பில் நிற்கும்படி கட்ட வேண்டும். இதில் தப்பினால், துணி முழுக்க அந்தத் தப்பு தெரியும்.

சர்டிஃபிகேட் உண்டா?

உண்டு. அமெரிக்கக் கில்டு நெசவு, நூற்பு, சாயமேற்றுதல், கூடை முடைதல் ஆகியவற்றில் இரண்டு நிலைகளில் சான்றிதழ் தருகிறது. செய்த வேலையை நடுவர்கள் பார்த்து மதிப்பிடுவார்கள். ஜாலியான போட்டியும் இருக்கிறது. ஒரு குழு, ஆட்டு ரோமத்தை நூற்று, சில மணி நேரத்துக்குள் சால்வையாக நெய்து முடிக்க வேண்டும். சில இடங்களில் ரோமம் கத்தரிப்பதிலிருந்தே போட்டி தொடங்கிவிடும்.

சரி, நமக்கு இதுல என்ன?

அங்கே இது பெரும்பாலும் பொழுதுபோக்கு. இங்கே வயிற்றுப்பாடு. 2019-20 கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கைத்தறித் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை நியாயமான கூலி. அதை எந்த வார இறுதி வகுப்பும் தந்துவிடாது.

ஆனால், நம் தறி ஊர்களில் வீடுதான் பள்ளிக்கூடம். அப்பா நெய்ய, அம்மா தார் சுற்ற, பிள்ளைகள் பார்த்துப் பார்த்தே பழகுவார்கள். அந்தப் பிள்ளைகள் இன்று வேறு வேலைக்குப் போகிறார்கள். அதைத் தப்பு சொல்ல முடியாது. ஆனால், வீடு கற்றுத்தருவது நின்றுபோனால் அந்தக் கைப்பழக்கம் எங்கே போகும்? சேலத்தில் 1960 முதல் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அது முழுநேரப் படிப்புக்கான இடம். வேலைக்குப் போய்க்கொண்டே பழக நினைப்பவருக்கு கில்டு மாதிரி ஓர் இடம் வேண்டும். அங்கே சொல்லித்தரும் நெசவாளருக்கு அதற்கான சம்பளமும் வேண்டும்.

அதுவரை வீட்டிலேயே தொடங்கலாம். அந்தக் காலத்தில் பல பள்ளிகளில் கைத்தொழில் வகுப்பில் தக்ளி சுற்ற வைத்தார்கள். உங்க தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்க, கை மறந்திருக்காது. ஒரு தக்ளியும் கொஞ்சம் பஞ்சும் போதும். நூல் அறுந்தால் பயப்படாதீங்க. அறுந்த முனையைப் பஞ்சோடு வைத்துத் திரித்தால், மறுபடி சேர்ந்துகொள்ளும்.