முதுமையெய்திய சரக்கு விமானங்கள்

ஊர்காவற்றுறைக் கரையிலே பாய்க்கப்பல்களும் தோணிகளும் நெருங்கி நின்ற காலத்தில், பழைய தோணியொன்றை வாங்க முற்படுவோர் அதன் வயதை மாத்திரம் கேட்டு அமைவதில்லை. அதனைக் கரையேற்றி, கலப்பற்றைச் சுரண்டி, பலகைகளைத் தட்டிப் பார்ப்பர். எச்சரக்கு ஏற்றியது, எத்தனை ஓட்டம் ஓடியது என்றும் விசாரிப்பர். தீவகத்தார்க்குப் பழக்கமான இவ்விவேகமே பழைய சரக்கு விமானங்களை ஆராய்வோர்க்கும் வழிகாட்டியாகின்றது.

மயிலிறகேயாயினும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். விமானத்திலோ இதனினும் நுட்பமான ஓர் ஆபத்து உண்டு. ஏற்றிய பாரம் ஒருநாளேனும் அளவு மீறாதிருக்கவும் உலோகம் முறிதல் கூடும். மெல்லிய கம்பித்துண்டொன்றை ஒருமுறை வளைத்தால் அது முறிவதில்லை. முன்னும் பின்னுமாகப் பன்முறை வளைத்தால் முறிகின்றது. இதுவே உலோக அயர்வு எனப்படும். விமானம் எழும்போது சிறகுகள் மேல்நோக்கி வளைகின்றன, இறங்கியதும் தளர்கின்றன. உயரப் பறக்கும்போது உள்ளே அடைக்கப்பட்ட காற்று உடலைப் புடைக்கச் செய்கின்றது. தரையில் அப்புடைப்பு அடங்குகின்றது. ஆணித்துளைகளின் ஓரத்திலே மயிரிழை போன்ற விரிசல் தோன்றிப் பயணந்தோறும் சிறிது சிறிதாக நீளுகின்றது.

ஆகவே, விமானத்தின் முதுமையை ஆண்டுகளால் மாத்திரம் அளத்தல் பொருந்தாது. ஹவாய்த் தீவுகளிடையே குறும்பயணம் செய்துவந்த அலோகா நிறுவனத்தின் போயிங் 737 விமானம் ஒன்று, 1988 ஏப்ரல் 28இல் நடுவானிலே தன் கூரையின் ஒரு பகுதியை இழந்தது. பணிப்பெண் ஒருவர் உயிர்நீத்தார். அதன் வயது 19 ஆண்டுகளே. ஆயினும் அது 89,000க்கு மேற்பட்ட முறை ஏறியிறங்கியிருந்தது. கடலுப்பு கலந்த காற்றும் தகட்டு மூட்டுகளை அரித்திருந்தது. அலுமினியம் இரும்பைப்போற் செந்துரு பூப்பதில்லை; வெண்பொடியாக மூட்டுகளுள் மறைந்தே அரிபடுகின்றது. கடல் சூழ்ந்த நம் தீவகத்தார் இச்செய்தியை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

இரண்டாவது விடயம், விமானம் ஏற்ற தொழிலின் மாற்றம். 1957இற் கட்டப்பட்ட சி-130ஏ சரக்கு விமானமொன்று, படைச்சேவை நீங்கியபின் காட்டுத்தீயை அணைக்கும் பணியில் அமர்த்தப்பட்டது. 2002 ஜூன் 17இல் கலிபோர்னியாவிலே, தீயணைக்கும் கலவையைச் சொரிந்துகொண்டிருக்கையில் அதன் சிறகுகள் முறிந்து வீழ்ந்தன, மூவர் மாண்டனர். சிறகின் அடித்தகட்டில், ஒட்டுத்தகடு மறைத்த இடத்திலே அயர்வு விரிசல்கள் இருந்தமை பின்னரே புலனாயிற்று. தீயின் மேலெழும் கொந்தளிப்பான காற்றிலே தாழப் பறந்து, கணப்பொழுதிற் பாரத்தை இறக்கும் வேலை, சமவெளி வானிற் சரக்கேற்றிச் செல்லும் வேலையன்று. ஒரு தொழிலுக்கு உறுதியானது மற்றொன்றுக்கும் உறுதியாகும் என்று கொள்ளலாகாது.

பிரயாணிகளைச் சுமந்து இளைத்த விமானங்கள் சரக்குச் சேவைக்கு மாற்றப்படுதலும் வழக்கம். 2025 நவம்பர் 4இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் வீழ்ந்த எம்.டி.-11 சரக்கு விமானம் 34 ஆண்டு பழையது. எழும்புகையில் இடப்பக்க யந்திரம் சிறகினின்றும் கழன்றது. யந்திரத்தைத் தாங்கிய உறுப்பிலே அயர்வு விரிசல்களின் அடையாளம் இருந்ததென முதனிலை அறிக்கை கூறிற்று.

இங்ஙனமாயின் பழைய விமானங்கள் யாவும் விலக்கத்தக்கனவோ எனின், அன்று. 1947 டிசம்பர் 10இல் எயர் சிலோன் நிறுவனம் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குத் தன் முதற்சேவையை டக்கோட்டா விமானத்தினால் நடத்தியதை மூத்த மாணவர் அறிவர். மகாயுத்தத்திற் படைச்சரக்குச் சுமந்த அவ்வகை விமானங்களுட் சில இன்றும் பறக்கின்றன. அவற்றின் உடலுள்ளே காற்றழுத்தம் ஏற்றப்படுவதில்லை. சிறகின் பாரமும் பல உறுப்புகளாற் பகிர்ந்து தாங்கப்படுகின்றது. எனவே அவை நெடிது வாழ்கின்றன.

முதிர்ந்த விமானத்தைப்பற்றி நாம் வினாவத்தக்கவை மூன்று: எத்தனை முறை ஏறியிறங்கியது? முன்னர் எத்தொழில் செய்தது, இனி எத்தொழில் செய்யும்? மறைவிடங்களைத் திறந்து பார்த்தவர் யார், எப்பொழுது? தோணியிற் பழுதுற்ற பலகையைத் தட்டும் ஒலியே காட்டிக்கொடுக்கும். விமானத்திலோ எக்ஸ் கதிர், கேளா ஒலி, மின்சுழிச் சோதனை ஆகியன அவ்வேலையைச் செய்கின்றன. கருவி எதுவாயினும், அதனைப் பிடிக்கும் கை நேர்மையுடையதாதல் வேண்டும்.

குறிகட்டுவானிற் படகேறும் நெடுந்தீவுத் தாயொருத்தி, அப்படகின் அடிப்பலகையைத் தான் சோதித்து ஏறுவதில்லை. சோதித்தவன் ஒருவன் உளன் என்ற நம்பிக்கையினாலேயே ஏறுகின்றாள். வானூர்தியில் ஏறுவோர் நிலையும் அதுவே. நம் கல்லூரி மாணவருட் சிலர் விமானமோட்டிகளாக விரும்புகின்றனர், அது நன்று. விரிசலைத் தேடிக் காண்பவராகவும், கண்டபின் "இது பறக்கலாகாது" என்று கையொப்பமிட அஞ்சாதவராகவும் சிலர் முன்வருவாராயின், அது அதனினும் நன்று.