குவைத்தில் செல்லுபடியான நம் ரூபாய்!

'எங்க அப்பா குவைத்துல இருக்காங்க', 'எங்க மாமா துபாயில இருக்காங்க' என்று உங்கள் வகுப்பில் யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். குரும்பலூரைச் சுற்றியுள்ள பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இப்படிப்பட்ட வீடுகள் நிறையவே உண்டு. பணம் வரும் நேரத்தில், 'இன்னைக்கு தினார் என்ன விலை?' என்று பெரியவர்கள் விசாரிப்பார்கள்.

பணத்துக்கே விலையா என்று யோசிக்கிறீர்களா? ஆமாம்! ஒரு நாட்டுப் பணத்தை வாங்க, நம் பணத்தில் எவ்வளவு தர வேண்டும் என்பதே 'நாணய மாற்று மதிப்பு'. 2025ம் ஆண்டில், ஒரு குவைத் தினாரின் மதிப்பு, 280 ரூபாயைத் தாண்டியது.

ஆனால், ஒரு காலத்தில் குவைத்தில் தினாரே கிடையாது. அங்கே கடைவீதியில் செல்லுபடியானது, நம் இந்திய ரூபாய்தான்!

கப்பல் ஏறிய ரூபாய்

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய் பகுதிகளோடு இருந்த உறவுகளை, இந்தியாவில் இருந்த ஆங்கிலேய அரசே கவனித்து வந்தது. பம்பாயில் இருந்து அரிசியும், துணியும் கப்பலில் போகும். அங்கிருந்து முத்தும், பேரீச்சம்பழமும் வரும். இந்த வியாபாரத்தோடு சேர்ந்து, ரூபாயும் அங்கே குடியேறியது. நாம் சுதந்திரம் பெற்ற பிறகும், அந்தப் பழக்கம் தொடர்ந்தது.

இதில் ஒரு சிக்கல் வந்தது. சிலர் இந்தியாவில் இருந்து ரூபாய் நோட்டுகளை அங்கே கொண்டு போய், தங்கம் வாங்கி, இங்கே கடத்தி வந்தனர். அங்கே சேர்ந்த ரூபாய் நோட்டுகள், வங்கிகள் மூலம் இந்தியாவுக்கே திரும்பி வந்தன. அவற்றுக்கு ஈடாக, இந்தியா இங்கிலாந்தின் பவுண்டு பணத்தைத் தர வேண்டியிருந்தது.

இதைத் தடுக்க, 1959ல் வளைகுடா நாடுகளுக்கு மட்டும் தனி ரூபாய் நோட்டுகள் வெளியிடப்பட்டன. பார்க்க நம் நோட்டு மாதிரியே இருக்கும். நிறம் மட்டும் வேறு! இந்தியக் கடைகளில் அவை செல்லாது. ஆனால், மதிப்பு நம் ரூபாய்க்குச் சமம்.

பிறந்தது தினார்

1961ல் குவைத் தனக்கென்று தினாரை வெளியிட்டது. ஒரு தினார், ஒரு பவுண்டுக்குச் சமம். அப்போது ஒரு பவுண்டின் விலை, பதின்மூன்றே கால் ரூபாய்க்குச் சற்று அதிகம். சரியாகச் சொன்னால், 3 தினாருக்கு 40 ரூபாய்! 1965ல் பஹ்ரைனும் சொந்தப் பணத்துக்கு மாறியது.

அந்த நேரத்தில், இந்தியாவுக்குக் கஷ்ட காலம். 1962லும், 1965லும் போர். 1965ல் கடும் வறட்சி. வெளிநாட்டில் இருந்து உணவு தானியம் வாங்க வேண்டிய நிலை. கையில் இருந்த வெளிநாட்டுப் பணமோ குறைவு. எனவே, 1966 ஜூன் 6ம் தேதி, இந்திய அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. அதுவரை 4 ரூபாய் 76 காசாக இருந்த அமெரிக்க டாலர், 7 ரூபாய் 50 காசு ஆனது. 3 குவைத் தினாரின் விலை, 40 ரூபாயில் இருந்து 63 ரூபாய்க்கு ஏறியது.

துபாயில், வளைகுடா ரூபாயைச் சேர்த்து வைத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். டில்லியில் எடுத்த ஒரு முடிவால், அவர்கள் பெட்டியில் இருந்த பணத்தின் மதிப்பு, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து விட்டது! துபாயும், கத்தாரும் அந்த ஆண்டே ரூபாயைக் கைவிட்டன. ஓமனில் மட்டும் 1970 வரை அது புழக்கத்தில் இருந்தது.

யாருக்கு லாபம்?

குவைத்தில் வேலை பார்க்கும் ஓர் அப்பா, மாதம் 100 தினார் அனுப்புகிறார் என்று வைத்துக் கொள்வோம். ஒரு தினார் 250 ரூபாய் என்றால், வீட்டுக்கு 25 ஆயிரம் கிடைக்கும். அதுவே 280 ரூபாய் என்றால், 28 ஆயிரம். அப்பாவின் உழைப்பு அதேதான். ஆனால், 3,000 ரூபாய் கூடுதலாக வருகிறது. கடனை அடைக்க உதவும். வெளிநாட்டுக்குச் சின்ன வெங்காயம் அனுப்பும் வியாபாரிக்கும் லாபமே.

ஆனால், ரூபாய் மதிப்பு இறங்கினால், பெட்ரோலுக்கான கச்சா எண்ணெய், சமையல் எண்ணெய், பொட்டாஷ் உரம் ஆகியவற்றை வெளிநாட்டில் இருந்து வாங்க, நம் நாடு அதிக ரூபாய் தர வேண்டும். பக்கத்து வீட்டில் மக்காச்சோளம் பயிரிடும் விவசாயிக்கு, செலவு கூடலாம். அப்பா அனுப்பும் கூடுதல் பணத்திலும், ஒரு பகுதி விலைவாசிக்கே போய்விடும்.

இன்னொரு விஷயம் குட்டீஸ்... ஒரு தினாருக்கு நிறைய ரூபாய் என்பதால், நம்மை மட்டமாக நினைக்க வேண்டாம். ஒரு ஜப்பான் யென் வாங்க, ஒரு ரூபாய் கூடத் தேவையில்லை. அதற்காக ஜப்பானை ஏழை நாடு என்று சொல்வோமா?

கணக்குப் போடலாம் வாங்க!

30 தினார் வாங்க, 1966 ஜூன் 6க்கு முன் எத்தனை ரூபாய் தேவை? அதற்குப் பின் எத்தனை?

விடை: முன்பு 400 ரூபாய், பின்பு 630 ரூபாய்.